குடும்பமும் சமயமும் கூறும் ஒரு சரித்திரம்: மாணவர் அதனைக் கற்கும் முறை

(பொட்டிபுரத்தில் நம் சங்கத்தார் கூட்டிய மாணவர் சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நம் சிறுவர் சிறுமியர், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய 'என் சரித்திரம்' என்னும் நூலைக் கற்பதற்கு வீட்டாரும் சங்கத்தாரும் எவ்வாறு துணைசெய்யலாம் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இந்நூல் புலவர்க்கே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை. ஒரு பிள்ளையின் கல்விப் பசியின் கதை. தன் சமயத்தில் நின்றுகொண்டே பிறர் சமயத்தின் வாயிற்படியில் பணிவோடு நின்ற ஒருவரின் கதை. அம்பரப்பர் மலையின் அடியில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அது தொலைவிலுள்ள நூலன்று.

ஒரு பெரியாரின் சரித்திரத்தை மாணவர் பாழாக்குவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பரீட்சைக் குறிப்புகளை நெட்டுருச் செய்து, பிறந்த ஆண்டு, ஊர், பெற்ற பட்டம் இவற்றை ஒப்பித்துவிட்டு மூல நூலைத் தொடாமலிருத்தல் ஒன்று. நூலாசிரியரைப் பீடத்திலேற்றிக் கும்பிட்டுவிட்டு, அவர் சொல்வதைக் காதிற் கொள்ளாமலிருத்தல் மற்றொன்று. இரண்டிலும் மாணவன் அம்மனிதரைச் சந்திப்பதேயில்லை. சந்திக்கச் செய்வதுதான் நம் கடமை. அதற்கு முன், நூலைப்பற்றிய சில செய்திகளை நினைவுறுத்துகின்றேன்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் தேதி பிறந்தார்கள். அவர்களது ஊர் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம். தம் எண்பத்தைந்தாம் பிராயத்தில், 1940ஆம் ஆண்டு, 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் இச்சரித்திரத்தை எழுதத் தொடங்கி, வாரந்தோறும் எழுதிவந்தார்கள். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலஞ்சென்றமையால், 122 அத்தியாயங்களோடு நூல் நின்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குமேல் அது செல்லவில்லை. புத்தக வடிவில் வெளிவந்தது 1950ஆம் ஆண்டில்.

இச்செய்திகளிலிருந்தே படிக்கும் முறை ஒன்று புலனாகின்றது. வாரம் ஓர் அத்தியாயமாகப் படிப்போர்க்கென்று எழுதப்பட்ட நூலை ஒரே மூச்சில் விழுங்க முயன்றால் சலிப்புத் தட்டும். பெருநூலைக் கண்டு அஞ்சும் மாணவனிடம், "நூற்றிருபத்திரண்டையும் படித்துவிடு" என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் ஓர் அத்தியாயம் போதும். வீட்டிலொருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்பது இன்னும் நன்று. எழுத்தறியாத பாட்டிமாரும் கேட்டு மகிழத்தக்க நடை அது. அவர்கள் இடையிடையே கூறும் சொற்கள் எந்த உரைநூலிலும் கிடையா.

இனி, குடும்பம் என்னும் பகுதிக்கு வருவோம். ஐயரவர்களின் தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். இராமாயணப் பிரசங்கம் செய்து, ஊரார் அன்போடு அளிப்பதைக்கொண்டு குடும்பம் நடத்தியவர். நிலையான வருவாய் கிடையாது. ஆயினும் மகனுக்குத் தமிழில் வேட்கை மிக்கதென்று கண்டபின், அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஆசிரியர் உள்ள ஊர்களைத் தேடிச் சென்றார். அக்காலத்தில் இங்கிலீஷ் கற்றவனுக்கு உத்தியோகம் உண்டு. வடமொழி கற்றவனுக்கு வைதிக மதிப்பு உண்டு. தமிழ் மட்டும் கற்றவனுக்கு என்ன உண்டு என்று உறவினர் கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. ஏழைக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் படிப்பென்பது, மற்றவர் எல்லாரும் எதையோ விட்டுக்கொடுத்து வாங்கும் பொருள்.

இவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டு மாணவனைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பகுதியில் எத்தனையோ தாய்தந்தையர் விடியுமுன் ஜீப்பிலேறிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாய்ந்தபின் திரும்புகின்றனர். அவர்கள் எதை விட்டுக்கொடுக்கின்றனர்? அது யாருக்காக? வேங்கடசுப்பையர் மகனுக்காக ஊர் மாறினார்; இங்குள்ளோர் மக்களுக்காக நாள்தோறும் மலையேறுகின்றனர். இவ்வொப்புமையை நாமே எடுத்துரைத்துவிட்டால் அது வெறும் உபதேசமாய்ப் போகும். "சாமிநாதன் படிப்புக்காகக் குடும்பத்தார் இழந்தவை யாவை? ஒரு பட்டியல் எழுது. அடுத்த பக்கத்தில் உன் படிப்புக்காக உன் வீட்டார் இழந்தவற்றை எழுது" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். மாணவன் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும்போது முதற்பக்கம் அவனுக்கு விளங்கிவிடும்.

குடும்பப் பாசத்தோடு பிணக்கும் இந்நூலில் உண்டு. 1871ஆம் ஆண்டு மாயூரத்தில், அதாவது இந்நாளைய மயிலாடுதுறையில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் தந்தையார் மகனை ஒப்புவித்தார். அவ்வூரிலேயே கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தமையால், குடும்ப வித்தையாகிய சங்கீதத்தையும் அவரிடம் கற்கவேண்டுமென்பது தந்தையின் விருப்பம். மகன் அவ்வாறே கற்கத் தொடங்கினார். தமிழாசிரியர்க்கோ அது பிடிக்கவில்லை. சங்கீதப் பயிற்சி நின்றது. தந்தையின் ஆசை ஒருபுறம். ஆசிரியரின் உள்ளம் மறுபுறம். இதனைப் படிக்கும் மாணவனிடம், அடுத்த பக்கத்தைப் புரட்டுமுன், "நீயாயிருந்தால் யார் சொற்படி நடந்திருப்பாய்? ஏன்?" என்று கேளுங்கள். இருபக்கத்து நியாயத்தையும் எழுதச் செய்யுங்கள். டாக்டராக வேண்டுமென்று வீட்டாரும், வேறொன்று கற்கவேண்டுமென்று பிள்ளையும் இழுத்துக்கொண்டிருக்கும் இக்காலத்தில் இக்கேள்வி பழங்கேள்வியன்று.

நிற்க. ஞாபகத்தால் எழுதப்படும் சரித்திரத்தின் இயல்பையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். எண்பத்தைந்து வயது முதியவர், பதினாறு பதினேழு வயதில் தாம் கேட்ட சம்பாஷணைகளை எழுதுகின்றார். ஒவ்வொரு சொல்லும் அன்று பேசியபடியே இருத்தல் அரிது. அதனால் அது பொய்யென்று ஆகிவிடாது. கடிதங்களையும் பழைய குறிப்புகளையும் போற்றி வைத்திருந்த அவர், தேதிகளைக் கூறுமிடத்து மிக்க கவனமுடையவர். ஆயினும் தேதி ஒருவகை உண்மை. உரையாடல் மற்றொரு வகை உண்மை. "அப்போது என் மனம் இவ்வாறிருந்தது" என்பது மூன்றாவது வகை. இம்மூன்றையும் வெவ்வேறு வண்ணக் கோல்களால் ஓரத்தில் குறிக்கும்படி மாணவரைப் பழக்கலாம். இப்பழக்கம் கைவந்தவன் நாளை செய்தித்தாளையும் அவ்வாறே படிப்பான். தேர்தல் மேடைப் பேச்சையும் அவ்வாறே கேட்பான்.

இனிச் சமயத்தைப்பற்றிச் சொல்கின்றேன். நூலின் உயிர்நிலை இதுவே. இங்கேதான் ஆசிரியரும் பெற்றோரும் அவசரப்பட்டு முடிவைச் சொல்லிவிடுகின்றனர். "எம்மதமும் சம்மதம்" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டால் மாணவன் சிந்திக்கவேண்டிய வேலை தீர்ந்துவிடுகின்றது. அவ்வாறு செய்யாமல், மூன்று காட்சிகளை வரிசையாக அவன்முன் வைத்துவிட்டு நாம் மௌனமாயிருத்தல் நலம்.

முதற் காட்சி: மாணாக்கராகச் சேர்ந்த இளைஞருக்கு அப்போது வழங்கிய பெயர் வேங்கடராமன். சைவத்தில் அழுந்திய பிள்ளையவர்கள், வேறு பெயர் உண்டா என்று விசாரித்து, வீட்டாரிட்ட மற்றொரு பெயராகிய சாமிநாதன் என்பதையே தெரிந்துகொண்டார்கள். தமிழுலகம் இன்று போற்றும் பெயர் அவ்வாறு நிலைத்தது. இஃது ஆசிரியரின் அன்பா? அல்லது சமயப் பற்றால் வந்த குறுக்கமா? மாணவர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிக்கட்டும்.

இரண்டாம் காட்சி: அதே பிள்ளையவர்களிடம் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர் உடனிருந்து பயின்றார். மாயூரத்தில் முனிசீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை என்னும் கிறிஸ்தவ அன்பர்மீது பிள்ளையவர்கள் 'குளத்தூர்க் கோவை' பாடினார்கள். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் தேதி பிள்ளையவர்களின் உயிர் பிரிந்த வேளையில், அவர்களைத் தம் மார்பிற் சாய்த்துத் தாங்கியிருந்தவர் அச்சவேரிநாதர். அருகிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். வைணவப் பெயரை மாற்றிய ஆசிரியரும், கிறிஸ்தவ மாணாக்கர் மார்பிற் சாய்ந்து திருவாசகம் கேட்ட ஆசிரியரும் ஒருவரே. மனிதர் ஒரே வரியில் அடங்கார் என்பதை மாணவன் இங்கே தானே காண்பான்.

மூன்றாம் காட்சி: 1880ஆம் ஆண்டு, தியாகராச செட்டியாரவர்களின் முயற்சியால் ஐயரவர்கள் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியரானார்கள். அவ்வாண்டிலேயே, முனிசீபாக அங்கு வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் மட்டும் கற்றால் போதுமோ என்ற கருத்தோடு, சீவகசிந்தாமணியைப்பற்றி வினவினார். அஃது ஒரு ஜைன காவியம். ஏட்டுச்சுவடி கையில் கிடைத்தும், சமயக் கருத்துகள் விளங்கவில்லை. யாரிடம் கேட்பது? சைவ மடத்தில் வளர்ந்த அப்புலவர், கும்பகோணத்து ஜைனர் வீடுகளைத் தேடிச் சென்று, அவர்களிடம் பாடங் கேட்டார்கள். ஒரு வீட்டின் வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கக் கண்டு, என்ன பண்டிகை என்று விசாரிக்க, சிந்தாமணி படனம் அன்று பூர்த்தியாயிற்று என்று அவ்வீட்டார் தெரிவித்தனர். தாம் நூலாகக் கருதியதைப் பிறர் வழிபாடாகப் போற்றிவருவதை அன்று ஐயரவர்கள் கண்டார்கள். அவ்வீட்டு அம்மையார் ஒருவர், இவர் கேட்கும் கேள்விகளின் நுட்பத்தை உணர்ந்து, வீடுபேற்றுக்குரிய பக்குவமுள்ள உயிர் என்னும் பொருளில், 'பவ்ய ஜீவன்' என்று தம் சமயச் சொல்லால் இவரைக் குறிப்பிட்டார். பிற்காலத்தில் பெற்ற பட்டங்களுக்கெல்லாம் முன்னே கிடைத்த பட்டம் அது.

சிந்தாமணி 1887ஆம் ஆண்டு அச்சேறியது. சைவர் ஜைன நூலைப் பதிப்பிக்கலாமோ என்று குறைகூறியோரும் இருந்தனர். ஐயரவர்கள் அதனோடு நிற்கவில்லை. பௌத்த காவியமாகிய மணிமேகலையை 1898ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அதற்காகப் பௌத்த மதக் கொள்கைகளைப் பேராசிரியர் ரங்காசாரியாரிடம் கேட்டறிந்தார்கள். இவ்வளவும் செய்தவர் தம் சிவபக்தியை எங்கும் விட்டவரல்லர். இம்மூன்று காட்சிகளையும் ஒருங்கே வைத்து, "இவர் தம் நம்பிக்கையை இழந்தாரா? வளர்த்தாரா? எவ்விடத்தைக்கொண்டு சொல்கிறாய்?" என்று கேளுங்கள். நூலிலிருந்து இடங்காட்டாத விடையை ஏற்காதீர்கள்.

இதற்கு நம் அருகிலேயே ஒரு துணைப்பாடம் இருக்கின்றது. இங்கிருந்து அதிகத் தொலைவிலில்லாத உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் ஜைன தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவை ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அங்குண்டு. ஒரே பாறையடியில் கருப்பணசாமிக்குப் பொங்கலும் நடைபெறுகின்றது. மேலே தீர்த்தங்கரர் அமைதியாய் வீற்றிருக்கின்றனர். சிந்தாமணி அத்தியாயங்களைப் படித்த மாணவரை ஒருநாள் அங்கே அழைத்துச் செல்லுங்கள். கும்பகோணத்துத் தோரண வாயிலின் பொருள் அங்கே அவர்களுக்கு விளங்கும்.

அடுத்து, நூல் சொல்லாதவற்றைக் கேட்கக் கற்பித்தல் வேண்டும். இதனைச் சொல்லச் சிலர் தயங்குவர். ஆசிரியரும் மாணாக்கரும் தமிழில் ஒன்றுபட்டிருந்தும், சாதிக்கேற்ப உணவு வேறு வேறிடத்தில் என்பது அக்கால வழக்கம். அதனை இந்நூல் ஆச்சரியமின்றிச் சொல்லிச் செல்கின்றது. ஏனெனில் எழுதுவோர்க்கு அது காற்றைப்போல் இயல்பு. ஐயரவர்களுக்கு விவாகம் நடந்தது 1868ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் வயதில். பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் பிறந்தது 1929ஆம் ஆண்டிலேதான். மணமகளாய் வந்த சிறுமி என்ன நினைத்தாள் என்பதை நூலில் தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம். "இக்கதையில் யார் பேசவில்லை?" என்னும் கேள்வியைப் பெண்குழந்தைகள் கேட்பார்களாயின், தடுக்காதீர்கள். அக்கேள்வி ஐயரவர்களை இகழ்வதாகாது. ஒருவர் தம் காலத்தில் நின்று கண்டதைச் சொன்னார். நாம் நம் காலத்தில் நின்று மீதியைக் கேட்கின்றோம்.

இக்கேள்வியின் விடைக்கு இன்னொரு நூலையும் பக்கத்தில் வைக்கவேண்டும். பாமா எழுதி 1992ஆம் ஆண்டு வெளிவந்த 'கருக்கு' என்பதே அது. வருஷநாட்டு மலைக்கு அப்புறமுள்ள வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில், தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்மணி, தம் வீட்டையும் தெருவையும் தம் நம்பிக்கையையும்பற்றிப் பேச்சுத்தமிழிலேயே எழுதியது. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய விரும்பித் துறவற மடத்திற் சேர்ந்தவர், அங்கும் சாதி வேற்றுமை இருக்கக் கண்டு வெளியேறினார். கருக்கென்பது பனைமட்டையின் இருபுறமும் உள்ள வாள்போன்ற கூர்மை. விறகுக்காக அம்மட்டையைத் தொட்டோர் யாவர்க்கும் அதன் பொருள் தெரியும்.

சாதிச் சங்கத்தின் சபையில் இந்நூலின் பெயரை எடுத்தல் தகுமோ என்று சிலர் நினைக்கலாம். இவ்விடத்தில்தான் தகும் என்பது என் கருத்து. நம் சங்கம் நம் பிள்ளைகளைக் கைதூக்கிவிட ஏற்பட்டது. நம் பெருமையைக் கூறும் நூல்களை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தோமானால், அவர்களைத் தூக்கினவர்களாகோம், வேலிக்குள் இருத்தினவர்களாவோம். நம் பிள்ளையோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்து படிக்கும் குழந்தையின் வீட்டில் என்ன நடந்தது என்பது நம் பிள்ளைக்குத் தெரியவேண்டும். அதிற் சில பக்கங்கள் நம் போன்றோரைச் சுடுமாயின், சுடட்டும். ஐயரவர்கள் பிறர் வாயிலில் நின்று கேட்டார்கள். நாம் புத்தகத்தின் வாயிலிலாவது நிற்கலாகாதா?

பெரியோர்களில் சிலர், "பிறர் சமயமும் பிறர் குறையும் படித்தால் குழந்தையின் சொந்த நம்பிக்கை ஆட்டங்காணாதா?" என்று கேட்பதுண்டு. கேள்வி அன்பினால் வருவது, இகழத்தக்கதன்று. கேட்கக் கேட்க நம்பிக்கை கலையுமாயின், ஐயரவர்களுடையது சிந்தாமணியிலேயே கலைந்திருக்கவேண்டும். கலையவில்லை. கேள்வி கேட்கக்கூடாதென்று அடக்கப்பட்ட பிள்ளையோ வீட்டில் தலையாட்டுவான். வெளியே சென்றதும் உதறிவிடுவான். எதனை நாம் காப்பதாக நினைக்கின்றோமோ அதனையே இழப்போம்.

"இவ்வளவும் பரீட்சைக்கு உதவுமோ?" என்பது மற்றொரு கேள்வி. ஓரிடத்தைப் படித்து, சான்று காட்டி, எதிர்க்கட்சியையும் கூறி, தன் முடிவை எழுதும் திறமை பெற்ற பிள்ளை எந்தப் பரீட்சையில் பின்வாங்குவான்? மதிப்பெண் இதன் நிழல். பொருளை விட்டு நிழலைப் பிடிப்பது இயலாது.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருக்கிக் கூறுகின்றேன். ஆறு வார காலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் பதினைந்து பேருக்கு மேற்படாத குழுவாக மாணவர் கூடலாம். முதல் வாரம் உத்தமதானபுரமும் குடும்பமும். இரண்டாம் வாரம் ஆசிரியரைத் தேடிச் சென்ற பயணம், தமிழ்நாட்டுப் படத்தோடு. மூன்றாம் வாரம் மாயூரமும் திருவாவடுதுறையும். நான்காம் வாரம் சிந்தாமணி. ஐந்தாம் வாரம் 'கருக்கி'லிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள். ஆறாம் வாரம் மாணவர் தத்தம் குடும்பத்தைப்பற்றித் தாமே எழுதும் இரண்டு பக்கம். ஒவ்வொரு கூட்டத்திலும் பெரியவர் பேசும் நேரம் பத்து நிமிஷத்திற்கு மேற்படலாகாது. எஞ்சிய நேரம் பிள்ளைகளுடையது.

கடைசி வாரத்து வேலையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். குடும்பக் கதையில் கடன், குடி, பிரிவு, மரணம் எல்லாம் கலந்தேயிருக்கும். எழுதியதைச் சபையிற் படிக்கவேண்டுமென்று எந்தக் குழந்தையையும் வற்புறுத்தலாகாது. விரும்பினோர் படிக்கட்டும், விரும்பாதோர் மடித்து வைத்துக்கொள்ளட்டும். ஐயரவர்களே எழுபது ஆண்டுகள் காத்திருந்துதானே எழுதினார்கள்! பதினைந்து வயதுக் குழந்தை இன்றே எல்லாவற்றையும் சொல்லவேண்டுமென்ற நியாயம் இல்லை. எழுதிப் பார்த்தான் என்பதே போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இப்பணியில் உங்கள் பங்கே பெரிது. பிள்ளை வந்து, "அம்மா, நம் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார்? மலைக்கு ஏன் போனார்? எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டார்?" என்று கேட்டால், "வேலையைப் பார்" என்று விரட்டாதீர்கள். அடுப்படியில் இருந்தபடியே தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாதென்றே சொல்லுங்கள். அன்று அவன் கையிலுள்ள புத்தகத்திற்கு நீங்கள் உரையாசிரியர்.

சங்கத்தார் இந்நூல்களின் பிரதிகள் சிலவற்றை வாங்கி வாசகசாலையில் வைத்து, வரும் மாதத்திலேயே முதற் கூட்டத்தைத் தொடங்குவார்களென்று நம்புகின்றேன். பிள்ளைகளே! பெரியவர் ஒருவர் உங்களுக்காகத் தம் வாழ்வைத் திறந்து வைத்திருக்கின்றார். உள்ளே சென்று, கேட்கவேண்டியதைக் கூச்சமின்றிக் கேளுங்கள்.